வில்லன் வேண்டாம், மாமனார் போதும்

நான் படம் பார்க்கும் லட்சணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு நாலு, மிஞ்சினால் ஆறு படம் தியேட்டரில். மீதியெல்லாம் வீட்டு டிவியில், இரண்டு மூன்று தவணையாக. நடுவில் தோசைக்கு எழுந்து போவேன், சமயத்தில் சோபாவிலேயே தூங்கிவிடுவேன். கேமரா, எடிட்டிங் சமாச்சாரம் எதுவும் எனக்குப் பிடிபடாது. பின்னணி இசை எப்படி என்று யாராவது கேட்டால், "காது வலிக்கல" என்பேன். அதுவே என்னிடமிருந்து பெரிய பாராட்டு.

ஆனாலும் காசு கொடுத்துப் பார்க்கிறவன். நாங்கள் மூன்று பேர் போனால் டிக்கெட், ஆன்லைனில் எடுத்ததற்கு ஒரு தண்டம், இடைவேளை பாப்கார்ன், வண்டி நிறுத்தக் கூலி என்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போய்விடுகிறது. அந்த ஆயிரத்து ஐந்நூறு எனக்கு அபிப்பிராயம் சொல்லும் உரிமையைக் கொடுக்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து 2025 மே வரை பார்த்த படங்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கதையை மறைக்காமல் சொல்லிவிடுவேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

செப்டம்பர் 5-ஆம் தேதி விஜய்யின் 'கோட்' வந்தது. மகளின் பிடிவாதத்தால் முதல் வாரமே போனோம். மூன்று மணி நேரத்துக்கு மேலே 3 நிமிஷம். அப்பா விஜய், மகன் விஜய், வெளிநாடு, துப்பாக்கி, கடைசியில் ஒரு கிரிக்கெட் மேட்ச். பொழுது போனது, பொய் சொல்லக் கூடாது. அதில் ஒரு காட்சிக்கு, மறைந்த விஜயகாந்தை ஏஐ வைத்துத் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். தியேட்டரில் விசில் பறந்தது. எனக்கு ஏனோ ஒட்டவே இல்லை. மூக்கு முழி எல்லாம் அவர்தான். ஆனால் காரியத்துக்கு வந்த வீட்டில் பெரிது பண்ணி மாட்டியிருக்கும் போட்டோவைப் பார்ப்பதுபோல இருந்தது. அவர் போய் ஒன்பது மாதம்கூட ஆகவில்லை அப்போது.

பதினைந்தே நாள் கழித்து 'லப்பர் பந்து' வந்தது. தமிழரசன் பச்சமுத்து என்ற புது இயக்குநர். அட்டகத்தி தினேஷ் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் இறங்கினால் ஸ்பீக்கரில் 'பொன்மனச் செல்வன்' படத்து இளையராஜா பாட்டைப் போடுகிறார்கள். 1989-இல் வந்த விஜயகாந்த் படம். எனக்குப் பின்வரிசையில் கல்லூரிப் பையன்கள் ஏழெட்டுப் பேர். அந்தப் படம் வந்தபோது அவர்களுடைய அப்பாக்களுக்கே கல்யாணம் ஆகியிருக்காது. அத்தனை பேரும் வரி பிசகாமல் கூடவே பாடினார்கள். கம்ப்யூட்டரில் செய்து நிறுத்திய கேப்டனைப் பார்த்தபோது வராத ஏதோ ஒன்று, அந்தப் பாட்டைக் கேட்டதும் தொண்டையில் வந்து நின்றது. பக்கத்தில் மகள் இருந்ததால் இருமிச் சமாளித்தேன்.

கதை இதுதான். பூமாலை என்கிற 'கெத்து' ஊரே கொண்டாடும் பேட்ஸ்மேன். நடுத்தர வயது வந்துவிட்டது, கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், ஆனாலும் பொண்டாட்டிக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு ஓடுகிறார். அன்பு என்று ஒரு பையன், ஹரிஷ் கல்யாண், கெத்துவை அவுட்டாக்கும் சூட்சுமம் தெரிந்தவன். இரண்டு பேருக்கும் முட்டிக்கொள்கிறது. அன்பு காதலிக்கிற துர்கா கெத்துவின் மகள் என்று பிறகுதான் தெரிகிறது. அவ்வளவுதான். ஆள் கடத்தல் கிடையாது, அரிவாள் கிடையாது. வருங்கால மாமனாருக்கு மாப்பிள்ளை பந்து போடலாமா கூடாதா என்பதுதான் இரண்டரை மணி நேரத்துக் கேள்வி. நான் சீட்டு நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

நாங்களும் மன்னார்குடியில் லப்பர் பந்துதான் ஆடினோம். 'ர' வராமல் 'ல' சொன்னவர்கள் கிடையாது நாங்கள், அதன் பெயரே அதுதான். மழை பெய்து நின்ற மறுநாள் தரை இறுகியிருந்தால் பந்து மூஞ்சிக்கு எகிறும். பந்தயம் என்றால் ஒரு புதுப் பந்து. தோற்ற டீம் வாங்கித்தர வேண்டும், வாங்கித்தராமல் தெருவையே மாற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு கெத்து இருப்பார். எங்கள் ஊர்க் கெத்து ரேஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தார். சிக்ஸர் அடித்துவிட்டு, பந்து எங்கே போகிறது என்றே பார்க்க மாட்டார். தினேஷும் பார்ப்பதில்லை. இந்த விஷயம் தெரிந்தவர்தான் இந்தப் படத்தை எடுத்திருக்கிறார்.

இதைவிட எனக்குப் பிடித்தது அசோதை. ஸ்வாசிகா என்ற மலையாள நடிகை. டிராக்டரைக் கொண்டுவந்து ஆடுகளத்தில் ஓட்டுகிற ஆத்திரமும் அவளுடையதுதான், புருஷனை நினைத்து உருகுகிற பைத்தியமும் அவளுடையதுதான். மாப்பிள்ளையாக நடித்தவரைவிட மாமியாராக நடித்தவருக்கு வயது குறைவாம். மகள் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். திரையில் ஒரு இடத்தில்கூட அது தெரியவில்லை. கெத்துவின் அம்மாவாக வரும் கீதா கைலாசம் எப்போதும்போல, நடிக்கிறார் என்றே சொல்ல முடியாது, வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

ஜாதியும் இருக்கிறது. அன்பு நல்ல ஆட்டக்காரன். ஜாதி பார்த்து அவனை ஊர் டீமில் எடுப்பதில்லை. எடுக்காதவர்களுக்குக் கோரைப்பல் வைத்துக் காட்டவில்லை. கூட டீ குடிக்கிற, தோளில் கை போடுகிற ஆட்கள்தான். அதனால்தான் வலித்தது. எங்கள் தெரு டீமில் எந்தத் தெருப் பையன்கள் இருந்ததில்லை என்று வீடு திரும்பும் வழியில் எண்ணிப் பார்த்தேன். இதற்கு முன்னால் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அதற்கு முந்தைய மாதம், ஆகஸ்ட் 23-ஆம் தேதி, ஒரே நாளில் 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் வந்தன. இரண்டு நல்ல படத்தை ஒரே நாளில் இறக்கி ஒன்றை ஒன்று சாகடிக்கும் புத்திசாலித்தனம் நம் ஊருக்கே உரியது.

'வாழை'க்கு நானும் மனைவியும் மட்டும் போனோம். அவளுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். தாமிரபரணித் தண்ணீர், வாழைத் தோட்டம், தார் ஏற்றிய லாரி எல்லாம் அவள் பிறந்து வளர்ந்த இடம். அந்த மண்ணில் தார் சுமக்கப் போகும் பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் கதை, மாரி செல்வராஜின் சொந்தக் கதை. முதல் பாதியில் ரஜினி கட்சி, கமல் கட்சி என்று சிவனைந்தானும் சேகரும் சண்டை போட்டுக்கொள்ளும்போது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். டீச்சரம்மா மேல் பையனுக்கு இருக்கும் மயக்கத்தைக் கொஞ்சம் நீட்டிவிட்டார்கள், அந்த இடத்தில் நான் மணி பார்த்தேன். கடைசி இருபது நிமிஷம் மணி பார்க்கத் தோன்றவில்லை. பசியோடு ஓடிவரும் பையன் வீட்டுச் சோற்றில் கை வைக்கிற நேரமும், வெளியே சாவு வந்து இறங்கியிருக்கிற நேரமும் ஒன்று. 1999-இல் அந்தப் பக்கம் வாழைத்தார் லாரி கவிழ்ந்து, அதன் மேலே ஏறிவந்த கூலி ஜனங்கள் 19 பேர் செத்துப்போனார்கள். படம் அங்கே போய்த்தான் முடிகிறது.

படம் விட்டு வண்டியை எடுத்து, பெருங்களத்தூர் தாண்டும் வரை அவள் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்டுக்கு வருத தாரையெல்லாம் யாரு சொமந்தாவன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல" என்றாள். எத்தனையோ விமர்சனம் படித்தேன். இதைவிடச் சரியாக யாரும் எழுதவில்லை.

'கொட்டுக்காளி'க்குத் தனியாகப் போனேன். செவ்வாய்க்கிழமை மத்தியானக் காட்சி, என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். வேறு ஜாதிப் பையனைக் காதலிக்கும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, மொத்தக் குடும்பமும் ஒரு ஆட்டோவிலும் சில பைக்கிலும் ஏறிச் சாமியாடியிடம் போகிறது. கட்டிக்கப்போகிற மாமன் சூரி, கழுத்தில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, கட்டிப்போன தொண்டையில் கத்துகிறார். அன்னா பென் ஏறக்குறைய படம் முழுக்க வாயே திறப்பதில்லை. இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, சேவலின் கொக்கரிப்பு, அவ்வளவுதான்.

வழியில் ஒரு காளை ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கும். மீசை முறுக்கிய ஆம்பளைகள் இத்தனை பேரும் பயந்து வண்டியிலேயே இருப்பார்கள். ஒரு சின்னப் பெண் வந்து காளையைச் சாவகாசமாக ஓட்டிக்கொண்டு போவாள். அந்த ஒரு காட்சிக்கே நான் கொடுத்த காசு சரியாகப் போயிற்று. ஆனால் முடிவு! சாமியாடியின் இடத்துக்கு வந்து, சூரி சுற்றும்முற்றும் பார்த்து, என்ன செய்யப்போகிறார் என்று நாம் முன்னால் குனியும்போது படம் நின்றுவிடுகிறது. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து ஆபரேட்டர் அறையைப் பார்த்து, "ரீலு அறுந்துபோச்சாப்பா?" என்று சத்தம் போட்டார். சிரிப்பாக இருந்தாலும் எனக்கும் அதே ஏமாற்றம். மறுநாள் சாப்பிடும்போதுதான், அந்த ஆள் என்ன செய்வான் என்று இன்னும் நான் யோசித்துக்கொண்டிருப்பது உறைத்தது. பி.எஸ்.வினோத்ராஜுக்கு வேண்டியதும் அதுவாகத்தான் இருக்கும். முந்தைய படமான 'கூழாங்கல்'லுக்கு 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியவர், அவருக்குத் தெரியாதா. இருந்தாலும் பெரியவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

'மகாராஜா'வை வீட்டில் பார்த்தோம். இதில்தான் எனக்கும் மகளுக்கும் சண்டை. குப்பைத்தொட்டி காணாமல் போச்சு என்று விஜய் சேதுபதி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார். தொட்டியின் பெயர் லட்சுமி. அங்கிருந்து கதை முன்னே பின்னே ஓடி, கடைசியில் எல்லா முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழ்கிறது. கெட்டிக்காரத் திரைக்கதைதான். மகள் இரண்டாவது தடவை பார்த்து, எந்தக் காட்சி எந்த வருஷம் என்று காகிதத்தில் எழுதிவைத்தாள். எனக்கு அந்தக் கடைசி இழுப்புதான் பிடிக்கவில்லை. ஒரு சின்னப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை ஒளித்துவைத்து, நமக்கு ஆச்சரியம் கொடுப்பதற்காக வெளியே எடுக்கிறார்கள். நானும் ஆச்சரியப்பட்டேன். பிறகு, எதைப் பார்த்து ஆச்சரியப்பட்டோம் என்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்பா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்றாள். இருக்கலாம். பெண்ணைப் பெற்றவன் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதும் காலேஜ் பெண் பார்ப்பதும் ஒன்றில்லை.

தீபாவளிக்கு 'அமரன்'. சிவகார்த்திகேயன் உழைத்திருக்கிறார். ஆனால் நான் பார்த்தது சாய் பல்லவியை. போன் வருமா என்று காத்திருக்கும் ஒரு பெண்ணின் முகத்தை இவ்வளவு நேரம் பார்க்க வைக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. சண்டைக் காட்சிகளில் கொஞ்சம் கண் அசந்தேன், மன்னிக்கவும்.

'குடும்பஸ்தன்' 2025 ஜனவரியில் வந்தது, நாங்கள் டிவியில்தான் பார்த்தோம். மூன்று பேரும் ஒரே மூச்சில் பார்த்த ஒரே படம். கோயம்புத்தூர்ப் பையன் நவீன், வீட்டை எதிர்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவன், வேலை போய்விடுகிறது. வீட்டில் சொல்லாமல் தினமும் கிளம்பிப் போகிறான். கடன் மேல் கடன். மணிகண்டன் எந்த இடத்திலும் ஹீரோ ஆகவில்லை, பொய் சொல்லி மாட்டிக்கொண்டு முழிக்கிறார். அக்கா புருஷனாகக் குரு சோமசுந்தரம். பணம் இருக்கிற மாப்பிள்ளை, பணம் இல்லாத மச்சான் எதிரில் எப்படி உட்காருவான், எப்படிச் சிரிப்பான், 'நான் உதவி பண்றேன்' என்பதை எப்படிக் குத்தலாகச் சொல்லுவான் என்பதை அவர் அளந்து வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் ஒருவர் அச்சாக இப்படித்தான். பெயர் சொன்னால் பொங்கலுக்குப் போக முடியாது.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. எனக்கு நிற்கிற படங்களில் எல்லாம் வில்லன் இல்லை, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மாமனார், மாமியார், அக்கா புருஷன், தாய்மாமன். வில்லனை ஹீரோ அடித்துப்போட்டால் கதை முடிந்தது. மாமனாரை என்ன செய்வது? அடுத்த தீபாவளிக்கும் அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். போதை மருந்துக் கூட்டத்தையும் கண்டெய்னர் லாரிகளையும் காட்டிக்காட்டி அலுத்துப்போன சினிமாவுக்கு, கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனது எவ்வளவு பெரிய கதை என்று இப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. வி.சேகர் படங்களை ஓட ஓடப் பார்த்த எங்களுக்கு இது புதிதில்லை, அவ்வளவுதான்.

மே 1-ஆம் தேதி 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். ஈழத்திலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கும் குடும்பம், சென்னையில் ஒரு காலனியில் யார் என்று சொல்லாமல் குடியேறுகிறது. சசிகுமார், சிம்ரன், இரண்டு பையன்கள். சின்னவன் கமலேஷ் வாயைத் திறந்தால் தியேட்டர் கலகலக்கிறது. குறை சொல்ல வேண்டுமானால், இந்தக் காலனியில் தேடிப்பார்த்தாலும் ஒரு கெட்டவன் கிடையாது. எல்லோரும் கடைசிக்குள் நல்லவர் ஆகிவிடுகிறார்கள். வாடகைக்கு வீடு தேடி அலைந்த எந்த ஈழத்தமிழரும் இதை முழுசாக நம்புவாரா என்று தெரியவில்லை. வில்லன் வேண்டாம் என்று இப்போதுதானே எழுதினாய் என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் சொந்தக்காரர்கள் என்றால் கொஞ்சம் உப்பு, புளி, காரம் எல்லாம் இருக்க வேண்டாமா? இவ்வளவு சொல்லிவிட்டு, அந்தக் காலனியில் ஒரு அம்மா இறந்துபோகும் காட்சியில் நான் கர்ச்சீப் எடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத ஊரில், இருபது வருஷத்துக்கு மேலாக நானும் இருக்கிறேன்.

'மெய்யழகன்' பற்றிச் சொல்லத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். கடைசிக்கு வந்துவிட்டது.

படம் 2024 செப்டம்பர் 27-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை இரவுக் காட்சிக்கு மூன்று பேரும் போனோம். கதை நடக்கிற ஊர் நீடாமங்கலம் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. மன்னார்குடிக்காரனுக்கு நீடாமங்கலம் என்றால் ரயில்வே கேட். கேட் போட்டால் அரை மணி, சில நாள் அதற்கும் மேல். பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுவார்கள். வேர்க்கடலைக்காரர் ஏறுவார், வெள்ளரிப் பிஞ்சு ஏறும். கேட்டில் நின்றபோது கல்யாணம் பேசி முடித்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அங்கேதான் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது, மூணாறு தலைப்பு என்போம். எங்கள் ஊருக்கு 2011-இல்தான் திரும்ப ரயில் வந்தது. அதற்கு முன்னால் வெளியூர் போனாலும் வந்தாலும் பாதி நேரம் நீடாமங்கலத்தைத் தாண்டித்தான்.

அருள்மொழி குடும்பத்துக்கு 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீடு போய்விடுகிறது. மதராஸுக்கு வந்துவிடுகிறார்கள். இருபத்திரண்டு வருஷம் ஊர்ப்பக்கம் தலைவைக்காத அருள்மொழி, அரவிந்த்சாமி, சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். ராத்திரியே திரும்பிவிடுவதாகத்தான் வருகிறார். மண்டபத்தில் 'அத்தான்' என்று ஒருவன் வந்து ஒட்டிக்கொள்கிறான். கார்த்தி. அருளுக்கு அவன் யார் என்று ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். பஸ்ஸைத் தவறவிட்டு, அவன் வீட்டிலேயே தங்கி, விடிய விடியப் பேசி, அப்போதும் பெயர் தெரியாமல், குற்ற உணர்ச்சி தாங்காமல் விடிகாலையில் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்.

இதில் என்ன கதை என்று கேட்பவர்கள் ஊரைவிட்டு வராதவர்கள். எங்கள் வீட்டை 1998-இல் விற்றோம். ஹரித்ரா நதிக் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. விற்கலாம் என்றது நான், வேண்டாம் என்றது அண்ணன். அப்பா கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்குள் நான் போனதில்லை. கல்யாணம், காது குத்து என்று எப்போது போனாலும் மண்டபம், சாப்பாடு, பஸ். அரவிந்த்சாமி மண்டபத்துக்குள் நுழையும்போது அந்த முகத்தில் இருக்கிற 'யாரும் பேசிவிடக் கூடாதே' என்ற கவலையை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

மேடையில் அந்தத் தங்கை, அண்ணன் கொண்டுவந்த நகைப்பெட்டியை அங்கேயே பிரித்து, எத்தனையோ பேர் வரிசையில் நிற்க, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்கிறாள். வசனம் அதிகமில்லை. என் பக்கத்தில் மனைவி மூக்கை உறிஞ்சுகிறாள், மகள் போனை உள்ளே வைத்துவிட்டாள், எனக்குத் திரை தெரியவில்லை. மூன்று பேர் அழுவதற்கு அன்றைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மலிவு. சொக்கு மாமாவாக ராஜ்கிரண் வெறுமனே உட்கார்ந்திருந்தாலே போதும் போலிருக்கிறது. மண்டபத்தில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால்தான் அது கல்யாணம்.

அப்புறம் அந்தச் சைக்கிள். அருள் வீட்டை விட்டுப் போகும்போது விட்டுப்போன பழைய சைக்கிள், இந்தப் பெயர் தெரியாதவனின் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறது. விட்டுப்போனவனுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. இந்த இடத்தில் 'எடுத்துக்காட்டாக வாழ வேண்டும்' என்று யாராவது பேசிவிடுவார்களோ என்று பயந்தேன். நல்லவேளை, கார்த்தி சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டு போகிறார்.

ராத்திரிப் பேச்சு நீளம். ஒப்புக்கொள்கிறேன். பீர் பாட்டிலும் கையுமாக அவர்கள் ஊர்க்கதை, ராஜா கதை, மாட்டுக் கதை என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் சொந்தக்காரன் வீட்டில் தங்கினால் பேச்சு அப்படித்தான் போகும். இரண்டு மணிக்கு, "தூக்கம் வருதா அத்தான்?" என்று கேட்டுவிட்டுப் புதுசாக ஒன்றை ஆரம்பிப்பார்கள்.

படம் வந்த சில நாளிலேயே நீளம், நீளம் என்று கூச்சல் கிளம்பி, சுமார் 18 நிமிஷத்தை வெட்டிவிட்டார்கள். இயக்குநர் பிரேம்குமார் '96' எடுத்தவர், அவசரப்படாமல் கதை சொல்கிறவர் என்று தெரிந்துதானே போகிறோம்? மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த படம் இது. அதே மாதம் 'கோட்' மூன்று மணி நேரத்துக்கு மேலே ஓடியது. அதை யாரும் கத்தரிக்கச் சொல்லவில்லை. கார் பல்டி அடித்தால் மூன்று மணி நேரம் சம்மதம், இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்தால் அவசரம் வந்துவிடுகிறது நமக்கு.

தஞ்சாவூரில் இருக்கும் அண்ணன் ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தார், வெட்டிய படத்தை. எனக்கும் அவருக்கும் நல்லது கெட்டதுக்கு மட்டும் போன். "சாப்டியா, மழையா" அத்தோடு சரி. அன்றைக்கு அவராகக் கூப்பிட்டு, "படம் பார்த்தியாடா" என்றார். நான் பார்த்த ஒன்றைச் சொன்னேன், அது அவர் பார்த்த படத்தில் இல்லை. ஜல்லிக்கட்டு சமாச்சாரத்தில் கொஞ்சம், ராத்திரிப் பேச்சில் கொஞ்சம். "இல்லடா, நீ வேற எதையோ கலந்து சொல்றே" என்றார். "இல்லண்ணே, இருந்துச்சு, வெட்டிட்டாங்க" என்றேன். அப்படியே என்ன என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பேச்சு படத்தை விட்டு இறங்கி, எங்கள் கொல்லைப் புறத்துக் கிணற்றடிக்குப் போய்விட்டது. போனை வைத்துவிட்டுப் பார்த்தேன், 55 நிமிஷம். வீட்டை விற்றதற்கு அப்புறம் இவ்வளவு நேரம் நாங்கள் பேசியதில்லை. விற்றதைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை.

என் போனில் ஒரு நம்பர் 'மன்னை பஸ் ஸ்டாண்டு' என்ற பெயரில் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஊரில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா எப்படி இறந்தார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு, நம்பர் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடமும் பிடித்துக்கொடுத்தார். யார் என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் காலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் வணக்கம் வரும், ரோஜாப்பூவோ முருகனோ போட்டு. படம் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி ஒன்றரை மணிக்கு, "அண்ணே, உங்க பேரு என்ன?" என்று தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

இன்று காலையும் வந்தது. ரோஜாப்பூ. மன்னார்குடிப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், பந்தலடிப் பக்கம் மாலை வேளைகளில் இருப்பவர், நெற்றியில் எப்போதும் திருநீறு, இடது கையில் கடிகாரத்துக்கு மேலே ஒரு கறுப்புக் கயிறு. அவர் பெயர் தெரிந்தால் சொல்லுங்கள். நான் கேட்டேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.